புரொமோத்தோரா வேலை போகப்போகிறது, செல்வி

மெக்காலன், டெக்சாஸ்

அன்புள்ள செல்வி,

இங்கே எல்லோரும் நலம். அண்ணன் முழங்கால் வலி தேவலையா? சின்னவனுக்குக் கோவையில் சீட் கிடைத்ததை ராஜாத்தி சொல்லித்தான் எனக்குத் தெரியும், அதற்கு உன்னோடு தனிச் சண்டை இருக்கிறது. குமுதினி டீச்சர் ஓய்வு விழா வீடியோவும் பார்த்தேன். பச்சை டிபன் பாக்ஸ் கதையை மேடை ஏறியே சொல்லிவிட்டாயே, பாவி!

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் கிளினிக்கில் புரொமோத்தோரா வேலையை எடுக்கப்போகிறார்கள். வந்துகொண்டிருந்த மானியம் முடிகிறதாம், இந்த ஆண்டோடு சரி என்று கூட்டத்தில் சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள். அன்றிலிருந்து எனக்கு மனசே ஆறவில்லை. வீட்டில் பேசிப் பேசி இவருக்கும் சலித்துவிட்டது, அதனால் உன்னிடம் கொட்டுகிறேன், பொறுமையாகப் படி.

புரொமோத்தோரா டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. அந்தத் தெருவிலேயே வளர்ந்த பெண்மணி, ஸ்பானிஷ்தான் பேச்சு, சுகர் பற்றிப் பயிற்சி எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போகிறவர். எங்கள் ஊர் ரியோ கிராண்டே ஆற்றோரம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் மெக்சிகோவின் ரெய்னோசா. இங்கே பத்தில் ஒன்பது பேர் லத்தீன் அமெரிக்க வழி வந்தவர்கள், பெரும்பாலும் மெக்சிகோ வேர். அமெரிக்காவில் பொதுவாக 100 பேரில் 40 பேருக்கு வாழ்நாளில் டைப் 2 சுகர் வரும் என்றால் இவர்களில் பாதிப் பேருக்கு மேல் வரும் என்று சி.டி.சி., அதாவது இங்குள்ள அரசு நோய்த்தடுப்பு மையம், சொல்கிறது. பரம்பரையும் ஒரு பங்கு, 2013-இல் மெக்சிகோ மக்களிடம் அப்படி ஒரு ஜீனையே கண்டுபிடித்தார்கள். ஆனால் இவர்களை எல்லாம் ஒரே ஆள் என்று நினைத்துப் பேசுவதும் தப்பு. 2014-இல் வந்த பெரிய ஆய்வில் மெக்சிகோ வழியினரில் 18 சதவீதத்துக்குச் சுகர், தென் அமெரிக்க வழியினரில் 10 சதவீதம்தான். சாப்பாடு வேறு, வந்த கதை வேறு, ஆனால் எங்கள் ஆபீஸில் எல்லோருக்கும் நீட்டுவது ஒரே துண்டறிக்கை. பிராக்கலி, ஓட்ஸ், கோதுமை ரொட்டித் துண்டு படம் போட்டது. டார்ட்டியாவும் (நம் சப்பாத்தி மாதிரி) பீன்ஸும் சாப்பிட்டு வளர்ந்த அம்மாவிடம் அதைக் கொடுத்தால் அவர் பார்த்துவிட்டு மடித்துப் பையில் வைத்துக்கொள்வார், அவ்வளவுதான். சோள டார்ட்டியா இரண்டு, பீன்ஸ், கூடக் காய் என்று சொன்னால் அவர் கைக்குப் பழகிய சமையல், சுகருக்கும் நல்லது. அதைச் சொல்ல எங்கள் அறிக்கையில் ஒரு வரி கிடையாது.

ஒருத்தரைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அறுபதை நெருங்கும் அம்மா. மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ஏ1சி 11-க்கு மேல், ரொம்ப அதிகம். இன்சுலின் எழுதிக் கொடுத்து மாதக்கணக்காகியும் குறையவில்லை, ஃபைலில் "ஒத்துழைக்காதவர்" என்று எழுதிவிட்டார்கள். நானும் புரொமோத்தோராவும் வீட்டுக்குப் போனோம். காபிக்குப் பால் எடுக்க பிரிட்ஜைத் திறந்தார், கதவுத் தட்டில் இன்சுலின் பேனாப் பெட்டி, சீல்கூடப் பிரிக்கவில்லை. மேல் தட்டில் முள் சீவி நறுக்கிய நோபால், அதாவது சப்பாத்திக்கள்ளி மடல், ஒரு ஜாடி நிறைய. தினமும் காலையில் அதை அரைத்துக் குடிக்கிறார். என் வாய் வரைக்கும் கேள்வி வந்துவிட்டது. புரொமோத்தோரா என் முழங்கையைத் தொட்டு நிறுத்தினார். சுகரைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை, சுவரில் இருந்த போட்டோவைக் காட்டி, இது உங்கள் அம்மாவா என்று கேட்டார். அங்கிருந்து பேச்சு எங்கெங்கோ போனது, ஊர்த் திருவிழா, யாரோ ஒரு பங்குத் தந்தை, செத்துப்போன நாய். கடைசியில் தானாக வந்தது: அம்மாவுக்கு இன்சுலின் போட ஆரம்பித்த கொஞ்ச மாதத்தில் கண் போனது, அப்புறம் கால், அப்புறம் ஆளே போய்விட்டார். ஊசிதான் கண்ணைப் பறித்தது என்று இவர் நம்புகிறார்.

இதை மூடநம்பிக்கை என்று எப்படிச் சொல்வது? பெற்ற தாய்க்குக் கண் போனதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர். வருஷக்கணக்காகக் கட்டுப்படாத சர்க்கரை விழித்திரையைத் தின்று முடித்த பிறகுதான் அந்தத் தாய்க்கு ஊசி வந்தது என்பதை யாரும் இவரிடம் உட்கார்ந்து விளக்கவில்லை. "ஊசிக்கு வந்துட்டாலே அவ்வளவுதான்" என்று உன் ஓ.பி.யில் தினமும் கேட்கிறாய் இல்லையா, அதேதான். இன்னொன்றும் சொன்னார், தனக்குச் சுகர் வந்ததே மகன் விபத்தில் அடிபட்டான் என்று போனில் கேட்ட அன்றுதான் என்று. சுஸ்தோ என்பார்கள், பயந்து போனதால் வரும் நோய். இதை டாக்டரிடம் சொன்னபோது அவர் சிரித்தாராம். அதற்குப் பிறகு இந்த அம்மா அவரிடம் எதையும் சொல்வதில்லை. எது கேட்டாலும் "சி, தொக்தோர்", சரி டாக்டர், என்று தலையாட்டிவிட்டு வந்துவிடுவார். பெரியவர்களை எதிர்த்துப் பேசக் கூடாது என்று வளர்ந்தவர்கள், தலையாட்டுவது மரியாதை, சம்மதம் இல்லை. எங்கள் டாக்டர்களுக்கு அது புரிவதே இல்லை. புரொமோத்தோரா என்ன சொன்னார் தெரியுமா? சுஸ்தோ இல்லை என்று வாதாடவே இல்லை. அதிர்ச்சியில் சர்க்கரை ஏறுவது உண்மைதான், ஏறினது இறங்க மருந்து வேண்டாமா என்றார். நோபாலையும் நிறுத்தச் சொல்லவில்லை, அது நல்ல காய்தான், கூடவே ஊசியும் போடலாம் என்றார். அதற்கடுத்த வாரம் அந்தப் பெட்டி பிரிந்தது.

மொழி இன்னொரு கொடுமை. மொழிபெயர்க்கக் குழந்தைகளை உபயோகிக்கக் கூடாது, அவசரத்துக்குத் தவிர, என்று 2016-இலேயே மத்திய அரசு விதி போட்டுவிட்டது. ஆனால் கூட்டம் நெரியும்போது போன் மொழிபெயர்ப்பாளருக்குக் காத்திருக்க யாருக்கும் பொறுமை இல்லை, கூட வந்த பேத்தியைக் கேட்டுவிடுகிறார்கள். ஒரு நாள் நான் பக்கத்தில் நிற்கிறேன், வாழ்க்கை வெறுத்துப்போகிறதா என்று டாக்டர் கேட்கிறார். அந்தப் பெண் பாட்டியிடம் திரும்பவே இல்லை, "இல்லை" என்று தானே சொல்லிவிட்டாள். பதினாலு வயசுப் பிள்ளை பாட்டியிடம் அதை எப்படிக் கேட்கும், சொல்.

அதற்காக எல்லாவற்றுக்கும் கலாசாரம்தான் காரணம் என்று எழுதுகிறவர்களைக் கண்டாலும் எனக்கு ஆத்திரம் வருகிறது, செல்வி. டெக்சாஸில் மெடிகெய்டை, அதாவது ஏழைகளுக்கான அரசுக் காப்பீட்டை, விரிவாக்கவில்லை, காப்பீடு இல்லாதவர்கள் எங்களிடம் ஏராளம். இங்கே இருக்க அனுமதிக் காகிதம் இருப்பவர்கள் பாலத்தைத் தாண்டி மெக்சிகோ பக்கம் நுவேவோ புரோக்ரெசோவில் மலிவாக மாத்திரை வாங்கி வருகிறார்கள். காகிதம் இல்லாதவர்கள் தாண்டினால் திரும்ப முடியாது. வடக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றால், ஒரு மணி நேரம் ஓட்டினால் ஃபால்ஃபுரியஸ் பக்கம் எல்லைக் காவல் சோதனைச் சாவடி. கண்ணுக்கு லேசர் வைக்கச் சான் அன்டோனியோவுக்கு எழுதிக் கொடுக்கிறோம், அவர் போகவில்லை, மறுபடியும் "ஒத்துழைக்காதவர்". யார் யாரோடு ஒத்துழைக்கவில்லை இங்கே?

இதற்கெல்லாம் வழி தெரியாமலும் இல்லை. பக்கத்து ஸ்டார் கவுண்டியில் 256 பேரை வைத்து ஒரு ஆய்வு நடத்தி 2002-இல் வெளியிட்டார்கள். ஒரு வருஷத்தில் 52 மணி நேர வகுப்பு, ஸ்பானிஷில், உள்ளூர் ஆட்களே நடத்தி, வீட்டில் ஒருத்தரையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லி, அவர்கள் சாப்பாட்டை வைத்தே சமையல் சொல்லிக் கொடுத்து. ஆறாவது மாதத்தில் வகுப்புக்கு வந்தவர்கள் ஏ1சி, வராதவர்களைவிட 1.4 புள்ளி குறைவு. அப்போதும் சராசரி பத்துக்கு மேல்தான் இருந்தது, அதை மறைக்க மாட்டேன். ஆனால் ஒரு மாத்திரை இவ்வளவு இறக்கினால் நாம் கொண்டாட மாட்டோமா? சமையல் செய்கிற அம்மா தனக்கு மட்டும் தனியாக ஒன்று ஆக்கிச் சாப்பிடமாட்டார், நம் அம்மாக்கள் ஆக்கினார்களா? வீடே மாறினால்தான் தட்டு மாறும். அதற்கு வீட்டுக்குள் போகிற ஆள் வேண்டும்.

அந்த ஆளைத்தான் எடுக்கிறார்கள். அடுத்த மாதம் நிர்வாகக் குழு கூடுகிறது, எனக்குப் பேச நேரம் கொடுத்திருக்கிறார்கள். விடப்போவதில்லை.

உன்னிடம் ஒரு வேலை கேட்கிறேன். 2021-இல் சாமனப்பள்ளியில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியதிலிருந்து நீ பார்த்துக்கொண்டிருக்கிறாய். உங்கள் தன்னார்வலர் அக்காக்கள் வீட்டுக்குப் போகும்போது எதை எதைக் குறித்துக்கொள்கிறார்கள், எத்தனை வீடு ஒரு ஆளுக்கு, சம்பளம் எந்தக் கணக்கிலிருந்து வருகிறது, மாத்திரையை நிறுத்தியவர்களை எப்படித் தேடிப் பிடிக்கிறார்கள், இதை எல்லாம் எழுது. காலிப் படிவம் ஒன்று இருந்தால் போட்டோ எடுத்து அனுப்பு, ஆட்கள் பெயர் எதுவும் வேண்டாம். அழகாக எழுத வேண்டியதில்லை, உன் கையெழுத்துத்தான் ஹாஸ்டலுக்கே தெரியுமே, வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக அனுப்பினாலும் போதும். அண்ணன் மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா என்பதையும் அதிலேயே சொல்.

அன்புடன்,
மல்லி