60 நாளில் முடியாத வேலை: மருத்துவக் காப்பீட்டை வகுப்போருக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: மருத்துவக் காப்பீட்டு நிறுவனங்கள், அவற்றின் சார்பில் க்ளெய்ம்களைப் பார்க்கும் இடைநிலை நிறுவனங்களான டி.பி.ஏ.க்கள், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தை நடத்தும் அலுவலர்கள்.

வணக்கம்.

முட்டி மாற்று அறுவை செய்துகொண்டவர் முன்பெல்லாம் பத்துப் பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியிலேயே இருப்பார். தையல் பிரித்து, முட்டி 90 டிகிரிக்கு மடங்கி, வாக்கர் பிடித்து நன்றாக நடக்கத் தொடங்கிய பிறகே வீட்டுக்கு அனுப்புவார்கள். இப்போது மூன்றாம் நாளோ நான்காம் நாளோ டிஸ்சார்ஜ். பிசியோதெரபி கிளினிக் நடத்தும் நாங்கள் அதைக் குறை சொல்லவில்லை. கட்டிலில் கிடக்கும் நாள் குறைந்தால் நோய்த்தொற்று அபாயமும் குறையும், செலவும் குறையும். ஆனால் வார்டில் நடந்த பிசியோதெரபியின் தேவை அப்படியேதான் இருக்கிறது. அந்த வேலை தெருமுனைக் கிளினிக்குக்கும் நோயாளியின் வீட்டுக்கும் வந்து சேர்ந்துவிட்டது. அதற்கான பணம் மட்டும் உங்கள் விதிகளில் பழைய இடத்திலேயே நிற்கிறது.

எல்லா நிறுவனங்களும் ஒரே விதிமுறையில் விற்கும் ஆரோக்ய சஞ்சீவனி பாலிசியில் டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய செலவு 60 நாள் வரை. ஆயுஷ்மான் பாரத்தில் 15 நாள். இந்தக் கணக்கை முட்டியிடம் வைத்துப் பாருங்கள். முதல் இரண்டு வாரம் வாரத்துக்கு 5 சிட்டிங் (ஒரு தடவை வந்து செய்யும் பிசியோதெரபி ஒரு சிட்டிங்), அடுத்த நான்கு வாரம் 3, அதற்கடுத்த ஆறு வாரம் ஒன்று. இது தாராளமான கணக்கு அல்ல, சிக்கனமான கணக்கு. மொத்தம் 28 சிட்டிங், 84 நாள். 60 நாள் விதி ஒன்பதாவது வாரத்தில் கதவைச் சாத்திவிடுகிறது. முதல் ஆறு வாரம் முட்டியை மடக்கி நீட்டுவதிலேயே கழிகிறது. தொடையின் முன்தசைக்குப் பலம் ஏற்றுவது, கையூன்றாமல் நாற்காலியிலிருந்து எழுவது, படி இறங்குவது எல்லாம் அதற்குப் பிறகுதான் சூடு பிடிக்கும். அந்த நேரத்தில் காப்பீடு நின்றால், நோயாளியும் 'நடக்கத்தான் முடிகிறதே' என்று வருவதை நிறுத்திவிடுகிறார். நடக்கிறார், உண்மைதான். ஆனால் படியில் ஒரே காலை முன்னே வைத்து, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக இறங்குகிறார்.

15 நாளில் நின்றால் விளைவு இன்னும் மோசம். வலிக்குப் பயந்து முட்டியை மடக்காமல் வைத்திருந்தால் உள்ளே வடுத்திசு ஒட்டிக்கொள்ளும். ஆறு வாரம் கடந்தும் 90 டிகிரி வராவிட்டால், மயக்க மருந்து கொடுத்து முட்டியை மடக்கிவிடுவது பற்றி அறுவை மருத்துவர் யோசிக்க வேண்டியிருக்கும். அதற்கு இன்னொரு அட்மிஷன், இன்னொரு மயக்க மருந்து, உங்களுக்கு இன்னொரு பில். மிச்சம் பிடித்த சிட்டிங்குகளின் தொகை அந்த ஒரு பில்லுக்குக் காணாது.

டிஸ்சார்ஜ் ஆன முதல் வாரத்தில் ஒரு பிசியோ வீட்டுக்குப் போவது ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு சின்ன உதாரணம் சொல்கிறோம். அறுவை செய்த காலுக்கு இதமாக இருக்கட்டும் என்று வீட்டார் முட்டிக்கு அடியில் தலையணை வைப்பார்கள். நோயாளிக்கும் அது சுகமாக இருக்கும். இரண்டு வாரம் அப்படியே கிடந்தால் முட்டி கடைசிப் 10 டிகிரி நீளாமல் நின்றுவிடும். நிற்கும்போது கால் லேசாக மடங்கியே இருக்கும், நடையில் நொண்டல் தெரியும், அந்தப் பாரத்தை இடுப்பும் முதுகும் சுமக்கும். செய்ய வேண்டியது, தலையணையை உருவிக் குதிகாலுக்கு அடியில் வைத்து, முட்டியைக் கட்டிலை நோக்கி அழுத்தச் சொல்வதுதான். ஐந்து விநாடி அழுத்தி விட வேண்டும். பத்துப் பத்தாக, நாளைக்கு நான்கைந்து தடவை. இதைச் சொல்ல ஒருவர் நேரில் போய்க் கட்டிலைப் பார்த்தாக வேண்டும். வீடியோ அழைப்பில் பயிற்சியைக் கூட்டலாம், குறைக்கலாம். போர்வைக்குள் இருக்கும் தலையணை அதில் தெரியாது.

அடுத்தது கட்டணப் பட்டியல். மத்திய அரசு ஊழியர் மருத்துவத் திட்டமான சி.ஜி.எச்.எஸ்.ஸின் பட்டியலைப் பாருங்கள்: அல்ட்ராசானிக், ஷார்ட்வேவ் டயதெர்மி (மின்காந்த அலையால் ஆழமாகச் சூடேற்றுவது), வேக்ஸ் பாத் (மெழுகு ஒத்தடம்), டிராக்‌ஷன் (கழுத்தையோ இடுப்பையோ இழுத்துவைப்பது) என்று பெரும்பாலும் மெஷினுக்குத்தான் விலை. தனியார் ரேட் கார்டுகள் பலவும் இதே அச்சு. மெஷினுக்குப் பணம் கொடுத்தால் கிளினிக்கில் மெஷின்தான் ஓடும். கணக்கு எளிது. ஒருவரைச் சோதித்து, அளந்து, பயிற்சி செய்யவைக்க 40 நிமிடம் ஆகும். எட்டு மணி நேரத்தில் 12 பேருக்கு மேல் பார்க்க முடியாது. சிட்டிங் கட்டணம் வாடகைக்கும் சம்பளத்துக்கும் கட்டுப்படியாகாதபோது என்ன நடக்கிறது? ஒருவருக்கு ஐ.எஃப்.டி. (வலி தணிக்க மின்னோட்டம் பாய்ச்சுவது), பக்கத்துக் கட்டிலில் ஒருவருக்கு ஒத்தடம், மூன்றாமவருக்கு டிராக்‌ஷன் என்று மூன்று பேரை ஒரே நேரத்தில் மெஷினில் போட்டுவிட்டு ஒரே பிசியோ நடுவில் ஓடுகிறார். வலி சற்றுத் தணியும், தசைக்குப் பலம் ஏறாது. மருத்துவச் சேவைக்கு ஜி.எஸ்.டி. விலக்கு உண்டு. அதனாலேயே மெஷின் வாங்கும்போது கட்டிய வரியைத் திரும்பப் பெற வழியில்லை, அதுவும் செலவுக் கணக்கிலேயே ஏறுகிறது. போட்ட காசை எடுக்க மெஷினை இன்னும் ஓட்டத் தோன்றும். பயிற்சிக்கும் சோதனைக்கும் நேரத்தின் அடிப்படையில் ஒரு கட்டணம் வையுங்கள். 40 நிமிட சிட்டிங் என்று ஒரு வரி பட்டியலில் ஏறினால் போதும், கிளினிக்கின் நடைமுறை தானாக மாறும்.

டிஸ்சார்ஜ் சம்மரிக்கு வருகிறோம். எங்களுக்கு மிகுந்த கவலை தருவது இதுதான். பல சம்மரிகளின் கடைசியில் 'பிசியோதெரபி அட்வைஸ்டு' என்று ஒரே வரி. தொடை எலும்பு முறிந்து ராடு போட்டவருக்கு இந்த வரி எதையும் சொல்வதில்லை. அந்தக் காலில் பாரமே போடக்கூடாதா, விரல் மட்டும் தரையில் படலாமா, பாதி எடை போடலாமா, முழுசாக ஊன்றலாமா? 20 கிலோ வரை என்று எழுதியிருந்தால், குளியலறை எடை மெஷினைக் காலடியில் வைத்து, முள் 20-இல் நிற்கும்வரை அழுத்தச் சொல்லி, அந்த அழுத்தத்தைக் காலுக்குப் பழக்கிவிடலாம். எழுதாவிட்டால் பயந்த பிசியோ காலைத் தொங்கவிட்டே வைத்திருப்பார், தசை கரையும். துணிந்தவர் ஊன்றச் சொல்வார், எலும்பு கூடும் முன் ராடு வளையலாம். உள்ளே உலோகம் இருப்பது தெரியாமல் அந்த இடத்தில் ஷார்ட்வேவ் டயதெர்மி வைத்தால் உலோகத்தைச் சுற்றிய திசு வெந்துபோகும். பேஸ்மேக்கர் இருப்பதை எழுதாமல் விடுவதும் இதே அளவு ஆபத்து.

இதை உங்களால் சரிசெய்ய முடியும். டிஸ்சார்ஜ் சம்மரி இல்லாமல் எந்த க்ளெய்மும் நகராது. என்ன அறுவை, உள்ளே என்ன உலோகம், எவ்வளவு பாரம் போடலாம், எந்த அசைவு எத்தனை நாளைக்குக் கூடாது, டிஸ்சார்ஜ் அன்று எத்தனை டிகிரி மடங்கியது, அடுத்து மருத்துவரைப் பார்க்கும் தேதி என்ன. இந்த ஆறும் இல்லாத சம்மரியை ஏற்கமாட்டோம் என்று நீங்கள் சொன்னால் மறுமாதமே ஆஸ்பத்திரிகள் எழுதத் தொடங்கிவிடும்.

பதிலுக்கு எங்களிடம் நீங்கள் கறாராகக் கேளுங்கள். இப்போது க்ளெய்ம்கள் திரும்பி வரும் காரணங்கள் பெரும்பாலும் சில்லறை விஷயங்கள்: சிட்டிங் தேதிகளைப் பிரிக்காத மொத்த பில், எத்தனை சிட்டிங் என்று எழுதாத மருத்துவர் சீட்டு, கையெழுத்தோ பதிவு எண்ணோ இல்லாத ரசீது. ஒரே தாளில் ஒரு படிவம் வகுத்துக் கொடுங்கள். ஒவ்வொரு தேதிக்கும் எதிரே நோயாளியின் கையெழுத்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அளவு. முட்டிக்கு, மூட்டின் கோணத்தை அளக்கும் கோனியோமீட்டரில் டிகிரி. முதியவருக்கு நாற்காலியிலிருந்து எழுந்து 3 மீட்டர் நடந்து திரும்பி வந்து உட்காரும் நேரம். 12 விநாடிக்கு மேல் ஆனால் அவர் விழக்கூடியவர். பக்கவாதம் வந்தவருக்கு, அன்றாட வேலைகளைத் தானே எவ்வளவு செய்கிறார் என்று 100-க்குப் போடும் பார்த்தெல் மதிப்பெண். அளவு ஏறுகிறதென்றால் சிட்டிங்கைத் தொடருங்கள். தொடர்ந்து இரண்டு அளவுகளில் மாற்றமே இல்லையென்றால் நிறுத்தி, மருத்துவரிடம் திருப்பி அனுப்பச் சொல்லுங்கள். நாள் கணக்கை விட இது உங்கள் பணத்துக்கும் பாதுகாப்பு. பதிவு எண்ணைப் பொறுத்தவரை, பிசியோ உள்ளிட்ட துணை மருத்துவத் தொழில்களுக்கான 2021-ஆம் ஆண்டின் தேசியச் சட்டப்படி மாநிலப் பதிவேட்டில் ஏறும் எண்ணையே எல்லா நிறுவனங்களும் அடையாளமாகக் கொள்ளட்டும். ஆளுக்கொரு சான்றிதழ் கேட்பது நிற்கும், படிக்காமல் போர்டு மாட்டியவர்களின் பில்லும் நிற்கும்.

அரசுத் திட்ட அலுவலர்களுக்குத் தனியாக ஒன்று. 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டம் விபத்தில் சிக்கியவரின் முதல் 48 மணி நேரத்தைக் காப்பாற்றுகிறது. அதே ஆண்டு ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' இயன்முறை மருத்துவரை (பிசியோவை) வீட்டு வாசலுக்கே அனுப்புகிறது. இரண்டும் அருமையான திட்டங்கள். ஆனால் முதல் திட்டத்தில் பிழைத்தவரின் பெயர் இரண்டாம் திட்டத்தின் பட்டியலுக்குத் தானாகப் போக வேண்டும். டிஸ்சார்ஜ் அன்றே அவரது வட்டாரத்துக்குத் தகவல் போகட்டும். அந்த வட்டாரத்தின் இயன்முறை மருத்துவரால் வாரம் ஒருமுறைக்கு மேல் வர முடியாத இடங்களில், மற்ற நாட்களுக்கு அருகிலுள்ள பதிவு பெற்ற கிளினிக்கைக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்த்து, சிட்டிங்குக்கு ஒரு தொகை நிர்ணயியுங்கள்.

கடைசியாக, அட்மிஷனே தேவைப்படாதவர்கள். சர்க்கரை நோயாளிக்குத் தோள்பட்டை இறுகிப்போவது, கழுத்து வலி, முதுகு வலி. 24 மணி நேரம் படுத்தால்தான் பணம் என்ற விதியால், டிராக்‌ஷன் போடுவதற்கென்றே அட்மிட் ஆகிறவர்கள் உண்டு. வெளிநோயாளியாகவே பார்த்திருக்கலாமே என்று அந்த க்ளெய்மை நீங்கள் தள்ளுபடி செய்கிறீர்கள். நீங்கள் சொல்வது சரிதான். அப்படியானால் வெளிநோயாளியாகப் பார்த்ததற்கும் பணம் கொடுங்கள்: மருத்துவர் சீட்டின் பேரில் வருடத்துக்கு 12 சிட்டிங் என்று அடிப்படைப் பாலிசியிலேயே, தனி ரைடர் (கூடுதல் பிரீமியம் கட்டி வாங்கும் இணைப்பு) இல்லாமல். அடுத்த புதுப்பித்தலின்போது ஒரே ஒரு மாவட்டத்தில் இதைச் சோதித்துப் பாருங்கள். படிவத்தை வகுக்கவும், அளவுகளைப் பதிந்து மாதாமாதம் அனுப்பவும் நாங்கள் ஆயத்தமாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
தமிழ்நாட்டில் பிசியோதெரபி கிளினிக் நடத்துவோர் சிலர்