பூங்காவில் நடும் முன் நாற்றங்கால்: மலைப் பூங்கா நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகிகளுக்கு,

வணக்கம். வெளிநாட்டுச் செடிகளைத் தருவித்தால் நேரே பூங்காப் பாத்தியில் வைக்க வேண்டாம். அவற்றுக்கென்று தனி நாற்றங்கால் ஒதுக்குங்கள்.

1860-இல் ஆங்கிலேயரான கிளெமென்ட்ஸ் மார்க்கம் பெருவிலிருந்து வார்டியன் பெட்டிகளில் (செடிகளைக் கப்பலில் கொண்டுவரும் மூடிய கண்ணாடிப் பெட்டிகளில்) ஊட்டிக்குக் கொண்டுவந்த, மலேரியா மருந்தான குயினைன் தரும் சிங்கோனா மரக் கன்றுகள் பிழைக்கவில்லை. செங்கடல் வழியில் பட்ட வெப்பமே அவற்றை வாட்டிவிட்டது. மறு ஆண்டு தோட்டக்காரர் ராபர்ட் கிராஸ் கொண்டுவந்த செம்பட்டைச் சிங்கோனாவை ஊட்டி தாவரவியல் பூங்காவின் கண்காணிப்பாளர் மெக்கைவர் தழைக்க வைத்தார். வந்த செடி களைத்துத்தான் வரும். அதைத் தேற்றுவதற்கு ஓர் இடம் வேண்டும்.

அந்த இடம் பள்ளமாக இருக்கக்கூடாது. டிசம்பர், ஜனவரி இரவுகளில் குளிர்காற்று கீழே இறங்கித் தேங்கும். உறைபனி அங்கேதான் கருக்கும். காற்று மறைப்புள்ள மென்சரிவே நல்லது. மேட்டுப்பாத்தி 4 அடி அகலம் போதும், இருபுறமும் நின்று கை எட்டும். சலித்த இலைமக்கும் மணலும் கலந்து நிரப்புங்கள்.

சிங்கோனா விதை தூசி போன்றது, ஒரு கிராமில் 2,000-க்கும் மேல் இருக்கும். புதைத்தால் முளைக்காது, மேலே தூவி மெல்ல அழுத்தினால் போதும். நெருக்கித் தூவி மாலையில் நீர் ஊற்றினால் நாற்றழுகல் வரும்: இரவெல்லாம் ஈரம் நிற்பதால் தண்டு மண்ணோடு ஒட்டும் இடத்தில் கறுத்துச் சாயும். ஆகவே காலையில், நுண்துளைப் பூவாளியால் மட்டும்.

நிழலுக்குப் பச்சை வலை வாங்கும் முன் பெரணியை யோசியுங்கள். வெட்டிய பெரணித் தழைகளைப் பாத்தியோரம் குத்திவைத்தால் வாரங்கள் செல்லச் செல்ல இலை காய்ந்து நொறுங்கும், வெயில் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். வலையை ஒரே நாளில் உருவும்போது கருகுகிற கன்றுகள் இதில் கருகுவதில்லை.

அக்காலத் தோட்டங்கள் ஒன்றை மட்டும் கேட்கவில்லை: இந்தச் செடி பிழைக்குமா என்றார்களே தவிர, பரவத் தொடங்கினால் எங்கே போய் நிற்கும் என்று பார்க்கவில்லை. அழகுக்கு வந்த உண்ணிச்செடி காடுகளில் பரவியது. சீகை (வாட்டில்) மரம் நீலகிரிப் புல்வெளிகளை மூடியது. எனவே ஒவ்வொரு இனத்தையும் ஒரு முறையாவது காய்க்கும் வரை நாற்றங்காலிலேயே வைத்து, சுற்றிலும் தானாக முளைக்கிறதா, வேரிலிருந்து கிளைக்கிறதா என்று பார்த்துப் பதிவேட்டில் எழுதுங்கள். பறவை தின்னும் காய் என்றால் பழுக்கும் முன் வலை போடுங்கள். கன்றோடு வந்த மண்ணை எருக்குழியில் கொட்டாதீர்கள். வேரைக் கழுவி, அந்த மண்ணை வறுத்த பிறகே அகற்றுங்கள். வடிநீர் ஓடையில் சேராமல் தனிக்குழியில் இறங்கட்டும்.

இப்படிக்கு,
மலைத்தோட்ட நாற்றுப் பணியில் இருப்போர்