மேட்ச் கிடைக்காததற்கு நம் கடை நெட் காரணமல்ல: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள தம்பிகளுக்கும், இப்போது ஓசூரிலும் பெங்களூரிலும் வேலையில் இருக்கும் பழைய வாடிக்கையாளர்களுக்கும் வணக்கம்.

வாட்ஸ்அப் குரூப்களில் சுற்றுகிற செய்தி எனக்கும் வந்து சேர்ந்தது. "அந்தக் கேமிங் சென்டரில் உட்கார்ந்தால் மேட்ச்சே கிடைக்காது, நெட் மட்டம், மணிக்கணக்கு மட்டும் ஓடும்" என்கிறார்கள். (மேட்ச் என்றால் ஆன்லைனில் மற்றவர்களோடு சேர்ந்து ஆடும் ஆட்டம்.) சேர் ஆடுகிறது, ஏசி பத்தவில்லை என்று எழுதியிருந்தால் பேசாமல் இருந்திருப்பேன். நெட் மட்டம் என்பதை மட்டும் விட முடியவில்லை.

இரண்டு கம்பெனிகளிடம் தனித்தனியாக ஃபைபர் வாங்கி வைத்திருக்கிறேன். ஐந்து ரோடு பக்கம் பள்ளம் தோண்டிக் கேபிள் அறுந்தபோதும் கடை ஓடியது, அது உங்களுக்கே தெரியும். சென்னை சர்வருக்குப் பிங் (சிக்னல் போய்த் திரும்பும் நேரம்) எவ்வளவு என்று யார் வேண்டுமானாலும் கவுண்டர் மானிட்டரில் வந்து பாருங்கள். சிங்கப்பூருக்குக் கூடுதலாகத்தான் காட்டும். கடல் தாண்டிப் போகிற சிக்னலை நான் என்ன செய்ய? அப்புறம், மேட்ச் தேடுவதாகத் திரையில் சுற்றிக்கொண்டே இருக்கிறதே, அந்த நேரத்தில் நெட்டுக்குப் பெரிய வேலையே கிடையாது. கேம் கம்பெனியின் சர்வரில் உங்கள் பெயர் வரிசையில் நிற்கிறது. எவ்வளவு வேகமான லைன் போட்டாலும் அந்த வரிசை நகராது. ஆள் வந்தால்தான் நகரும்.

ஐந்துக்கு ஐந்து ஆட்டம் என்றால் பத்துப் பேர் வேண்டும். பத்துப் பேரும் ஒரே நேரத்தில், ஒரே வகை ஆட்டத்தில், ஏறக்குறைய ஒரே ரேங்கில் (திறமை நிலையில்), பக்கத்துச் சர்வரில் இருக்க வேண்டும். கேம் புதிதாக இருக்கும்போது நொடியில் சேர்ந்துவிடுவார்கள். கொஞ்சம் ஆள் குறைந்தால் பத்து நிமிடம் ஆகும். அதில் பொறுமை போனவர் வேறு கேமைத் திறந்துவிட, அடுத்தவருக்குப் பதினைந்து நிமிடம். காலியாக நிற்கும் ஷேர் ஆட்டோவில் முதல் ஆளாக ஏற யாருக்கும் மனசு வருவதில்லை, அதே கதைதான். இத்தனைக்கும் கேமில் ஒரு குறையும் வந்திருக்காது.

காத்திருப்பைக் குறைக்கக் கேம் கம்பெனிக்காரர்கள் ரேங்க் வித்தியாசம் பார்க்காமல் சேர்த்துவிடுவார்கள். அது இன்னும் மோசம். கடைசிவரை தங்கியிருப்பவர்கள் வருடக்கணக்கில் ஆடியவர்கள், எந்தச் சுவருக்குப் பின்னால் ஆள் இருக்கும் என்று கண்ணை மூடிச் சொல்வார்கள். போன வாரம் அக்கவுண்ட் தொடங்கிய பர்கூர் காலேஜ் தம்பி அவர்களிடம் மாட்டினால் மறுபடி அந்தப் பக்கம் வருவாரா? பழைய ஆட்களும் ஒவ்வொருவராகப் போவதில்லை. ஒருவருக்குச் சிப்காட்டில் நைட் ஷிஃப்ட், இன்னொருவருக்குக் கல்யாணம் என்றால் அந்த டீமில் மீதி மூன்று பேரும் நின்றுவிடுகிறார்கள். (மாப்பிள்ளைகளைக் குறை சொல்லவில்லை. பத்திரிகை வைத்த எல்லோருடைய கல்யாணத்துக்கும் வந்து சாப்பிட்டவன்தான் நான்.)

பெரிய கேம்களே இதிலிருந்து தப்பவில்லை. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டுக்கு 2010இல் 1.2 கோடி சந்தாதாரர்கள். 2015இல் அது 55 லட்சத்துக்கு வந்ததும், எண்ணிக்கை சொல்வதையே நிறுத்திவிட்டார்கள். பேட்டில்ஃபீல்டு 2 நம்பியிருந்த கேம்ஸ்பை சேவையை 2014இல் மூடினார்கள், அதோடு அதன் அதிகாரபூர்வ ஆன்லைன் ஆட்டமும் போனது. நம் பக்கம் 2016இல் ஜியோ, 2018இல் பப்ஜி மொபைல் என்று வந்து கூட்டம் போனுக்குப் போனது. 2020 செப்டம்பரில் பப்ஜியைத் தடை செய்ததும் திரும்பி வருவார்கள் என்று நினைத்தேன். அது பத்துப் பேரை ஒரே அறையில் உட்காரவைக்க முடியாத கொரோனா காலம்!

கவுண்டர்-ஸ்ட்ரைக் 1.6 மட்டும் இன்றைக்கும் நம் கடையில் ஓடுகிறதே, ஏன்? அதன் சர்வர் நம் கவுண்டருக்குக் கீழேயே இருக்கிறது. எவன் வரிசையிலும் நிற்க வேண்டாம், நாலு பேர் இருந்தாலே ஆடலாம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஆள் கிடைக்காத பழைய ஆன்லைன் கேம்கள் இனிக் கடைசி வரிசைச் சிஸ்டங்களில் மட்டும் இருக்கும். ஞாயிறு மாலை ஏழு மணி அவற்றுக்கான நேரம். எல்லோரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்தால் மேட்ச் சேர வாய்ப்புண்டு. 2024 ஜனவரி முதல் விண்டோஸ் 7இல், கேம்களை இறக்கி ஆட உதவும் ஸ்டீம் மென்பொருளுக்கு ஆதரவு இல்லை என்றாகிவிட்டதால் சிஸ்டங்களையும் மாற்ற வேண்டியிருந்தது. அதனால் ஒன்றாம் தேதியிலிருந்து மணிக்கு 40 ரூபாய் என்பது 50 ஆகிறது, பிரீபெய்டு கார்டில் இருக்கும் மீதிக்கும் அதுவே. 1.6 வழக்கம்போல எல்லாச் சிஸ்டத்திலும் இருக்கும்.

கரண்ட் போனால் வெளியே டீ குடித்துக் காத்திருந்தவர்களையும், சீசனில் தோட்டத்து மாம்பழத்தைப் பையோடு கவுண்டரில் வைத்துவிட்டுப் போனவர்களையும், ஊருக்கு வரும்போதெல்லாம் "அண்ணா, கடை இருக்கா?" என்று எட்டிப் பார்க்கிறவர்களையும் நான் மறக்கவில்லை. நீங்கள் இல்லையென்றால் இந்த ஷட்டர் எப்போதோ இறங்கியிருக்கும். மனமார்ந்த நன்றி.

ஞாயிறு ஆட்டத்துக்குச் சனிக்கிழமைக்குள் பெயர் கொடுங்கள். சொந்த ஹெட்செட் இருப்பவர்கள் கொண்டுவந்தால் நல்லது, கடையில் சிலவற்றில் மைக் வேலை செய்யவில்லை.

அன்புடன்,
உங்கள் கடைக்கார அண்ணன்,
கிருஷ்ணகிரி