மாமூத் வரைந்த பேரனுக்காக

அன்பு மகனுக்கு,

பேரன் பள்ளிக்கூடத்துக்கு வரைந்த படத்தை போனில் பார்த்தேன். பனி, மாமூத் யானை, ஈட்டியோடு ஓர் ஆள். கீழே 'ஆதி மனிதன்'. நல்லாத்தான் இருக்கிறது. ஆனால் பனியையே காணாத ஆதி மனிதர்கள் நம் தோட்டத்துப் பக்கத்திலேயே இருந்தார்கள் என்று அவனுக்குச் சொல்.

பாஹியங்கல குகை ஞாபகம் இருக்கிறதா? பௌர்ணமிப் போயா லீவில் நீங்களெல்லாம் படியேறிப் போய் சயனப் புத்தரைப் பார்த்துவிட்டு வருவீர்களே, அதேதான். 5ஆம் நூற்றாண்டில் இலங்கைக்கு வந்த சீன பிக்கு பாஹியான் அங்கே தங்கினார் என்று கதை. தங்கியிருந்தாலும் அவர் நேற்று வந்தவர். குகை மண்ணுக்கு அடியில் 48,000 வருடத்துக்கு முந்தியவர்களின் தடயம் கிடைத்திருக்கிறது.

மழைக்காட்டில் ஆதி மனிதன் பிழைக்கவே முடியாது என்றுதான் ஆராய்ச்சிக்காரர்கள் வெகுகாலம் நினைத்திருந்தார்கள். பெரிய மிருகம் குறைவு, உள்ளதும் மரத்தின் மேல். இவர்களோ குரங்கையும் மர அணிலையும் வேட்டையாடித் தின்றார்கள். தின்ற குரங்கின் எலும்பையே தீட்டி அம்புமுனை செய்தார்கள். கிடைத்த எலும்பு முனைகள் சுமார் 130. வேகமாய்ப் போய் மோதினால் வரும் உடைவு சிலவற்றில் தெரிகிறதாம். ஆப்பிரிக்காவுக்கு வெளியே வில் அம்புக்கு அதுவரை கிடைத்தவற்றில் இதுதான் பழைய சான்று என்று 2020இல் எழுதினார்கள். பலாப்பழம் திருட வரும் குரங்கை உண்டிவில்லால் ஒருநாளும் அடிக்கத் தெரியாத எனக்கு அவர்கள்மேல் மரியாதைதான்.

வயிற்றுப்பாடு மட்டும் இல்லை, தம்பி. கடல் சங்கின் நுனியை நறுக்கி மணியாக்கியிருக்கிறார்கள். காட்டுக்குள் சங்கு ஏது? கரையோரத்து ஆட்களோடு கொடுக்கல் வாங்கல் இருந்திருக்க வேண்டும். சிவப்பு, மஞ்சள், வெள்ளி நிறக் காவிக்கல்லும் வைத்திருந்தார்கள். அதே காலத்தில் ஐரோப்பாவின் குளிரில் வேறு ஆட்கள் குதிரையையும் காட்டெருமையையும் துரத்திக்கொண்டிருந்தார்கள். பேரனுடைய டீச்சர் ஒரு வகை ஆளை மட்டும் காட்டியதில்தான் எனக்குக் குறை.

இன்னொரு படம் வரையச் சொல். மரத்தில் குரங்கு, கீழே வில்லோடு ஆள், கழுத்தில் சங்கு மணி. பெட்டியில் சிவப்பும் மஞ்சளும் தீர்ந்திருந்தால் வாங்கிக் கொடு, காவிக்கல்லுக்கு வேண்டும்.

அப்பா