நான்கு மாத்திரை அட்டைகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிற்றுக்கிழமை தங்கள் நாளிதழின் மகளிர் பக்கத்தில் வெள்ளைப்படுதலும் அரிப்பும் பற்றி அரைப்பக்கக் கட்டுரை வந்திருந்தது. பருத்தி உள்ளாடை அணியுங்கள், இளநீர் குடியுங்கள், சுத்தமாக இருங்கள் என்று எழுதியிருந்தீர்கள். பருத்தியும் இளநீரும் இருக்கட்டும். 'சுத்தம்' என்ற சொல் மட்டும் அதில் ஏழு இடங்களில் வருகிறது, எண்ணிப் பார்த்தேன். சர்க்கரை என்ற சொல் ஓர் இடத்திலும் இல்லை.

நான் பழைய வண்ணாரப்பேட்டையில் வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக் கொடுப்பவள். வயது 48. எம்.சி. ரோட்டில் புடவை எடுத்த கையோடு பையுடன் என் வீட்டுப் படியேறுபவர்கள் பலர். இத்தனை வருடத்தில் என்னைக் கோபக்காரி என்றும், சொன்ன தேதியில் துணி கொடுக்காதவள் என்றும் சொன்னவர்கள் உண்டு. அழுக்கானவள் என்று ஒருவரும் சொன்னதில்லை.

முந்தைய வருடம் பொங்கல் கழிந்து இரண்டு வாரத்தில் எனக்கு முதல் முறை அந்தத் தொல்லை வந்தது. தையல் இயந்திரத்தின் முன்னால் பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் உட்கார முடியவில்லை. அப்படி ஓர் அரிப்பு. திரிந்த பால்போல் வெள்ளை. சிறுநீர் பட்டால் எரிச்சல். தெருமுனை மருந்துக் கடையில் நின்று, சுற்றிலும் ஆண்கள் போகட்டும் என்று காத்திருந்து, "சூட்டுக்கு ஏதாவது கொடு தம்பி" என்றேன். அந்தப் பையனுக்குப் புரிந்துவிட்டது. ஒரே ஒரு மாத்திரை உள்ள சின்ன அட்டை ஒன்றைத் தாளில் சுற்றிக் கொடுத்தான். ஃப்ளுகோனசோல் 150 மில்லிகிராம், பூஞ்சைத் தொற்றுக்கான மாத்திரை. மூன்றாம் நாள் குணம் தெரிந்தது.

அந்தக் காலி அட்டையை நான் எறியவில்லை. அடுத்த முறை வாய் திறந்து கேட்காமல் அட்டையை நீட்டினால் போதுமே என்று, பின்பக்கம் தேதி குறித்து ஊசி டப்பாவில் போட்டு வைத்தேன். துணி கொடுக்க வேண்டிய தேதியைக் குறிக்கிற அதே பென்சில். ஜனவரி 28. பிறகு மார்ச் 30. ஜூன் 11. ஆகஸ்ட் 19.

இரண்டாம் முறைக்கும் மூன்றாம் முறைக்கும் நடுவில்தான் சுத்தம் என்னைப் பிடித்தது. கொஞ்சம் கவனக்குறைவாக இருந்துவிட்டோம் போலிருக்கிறது என்று, காயம் கழுவுகிற கிருமிநாசினியைத் தண்ணீரில் கலந்து காலையும் மாலையும் கழுவினேன். அரிப்போடு எரிச்சலும் சேர்ந்தது. இன்னொரு கடையில் ஒரு களிம்பு கொடுத்தார்கள். பூஞ்சைக்கு, கிருமிக்கு, அலர்ஜிக்கு என மூன்றும் ஒரே குழாயில். இரண்டு நாள் அமிர்தமாக இருந்தது. பத்தாம் நாள் தோல் செக்கச்செவேலென்று வெந்தாற்போல் ஆகிவிட்டது. அலர்ஜிக்கு என்றது ஸ்டீராய்டு என்பது பிறகுதான் தெரிந்தது. இப்படிப்பட்ட ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018இலேயே மத்திய அரசு உத்தரவு போட்டிருக்கிறது. என்னிடம் யாரும் சீட்டுக் கேட்கவில்லை.

இன்னொன்றையும் எழுதியாக வேண்டும். என் கணவர் துறைமுகத்துக்குக் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறார். நான்கு நாள், ஐந்து நாள் வெளியூர். ஜாக்கெட் அளவு கொடுக்க வந்த ஓர் அம்மாள், "லாரிக்காரனைக் கட்டிக்கொண்டால் வீட்டுக்கு இதெல்லாம் வரத்தான் செய்யும்" என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனார். அவருடைய ஜாக்கெட்டை முதுகில் ஓர் அங்குலம் இறுக்கித் தைத்தேன், அது வேறு கதை. ஆனால் அந்தப் பேச்சு உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது. மூன்று வாரம் கணவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பாவம், சோற்றில் உப்பு கூடிவிட்டது என்று சொன்னதால் கோபம் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

நான்காவது முறைக்குப் பிறகு மகள்தான் ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனைக்கு இழுத்துக்கொண்டு போனாள். அவள் பிறந்ததும் அங்கேதான். மருத்துவருக்கு என் மகள் வயதுதான் இருக்கும். நான் வாயால் ஒன்றும் சொல்லாமல் நான்கு அட்டைகளையும் மேசைமேல் வரிசையாக வைத்தேன். தேதிகளைப் படித்தார். "ஒரு வருடத்தில் மூன்று முறை வந்தாலே அடிக்கடி திரும்புகிற வகை என்று எடுத்துக்கொள்வோம். உங்களுக்கு எட்டு மாதத்தில் நான்கு. சர்க்கரை எப்போது பார்த்தீர்கள் அம்மா?" என்று கேட்டார்.

பார்த்ததே இல்லை. பார்த்தபோது வெறும் வயிற்றில் 178, சாப்பிட்ட பின் 286. சர்க்கரை நோய்தான்.

பரிசோதனையும் அன்றைக்குத்தான் முதன்முதலாக நடந்தது. பஞ்சுக் குச்சியில் எடுத்து, கண்ணாடித் தகட்டில் தடவி, நுண்ணோக்கியில் பார்த்தார்கள். எந்த வகைப் பூஞ்சை என்று அறிய வளர்த்துப் பார்க்கவும் அனுப்பினார்கள். கேண்டிடா என்று பெயர். பல பெண்களின் உடம்பில் ஒரு தொல்லையும் செய்யாமல் இருக்கிற ஜீவன்தான் அது. தயிரை உறைய வைக்கும் கிருமிகளின் சொந்தக்காரர்கள் அங்கே குடியிருந்து அதை அடக்கி வைக்கின்றன. இரத்தத்தில் சர்க்கரை ஏறினாலோ, ஆன்டிபயாடிக் அந்த நல்ல கிருமிகளைக் கொன்றுவிட்டாலோ, கர்ப்ப காலத்திலோ இதற்குக் கொண்டாட்டம். நான்கில் மூன்று பெண்களுக்கு ஆயுளில் ஒரு முறையாவது வருமாம். கணவரிடமிருந்து தொற்றும் பால்வினை நோய்களில் இதைச் சேர்ப்பதில்லை. அவருக்கு அரிப்போ புண்ணோ இல்லையென்றால் மருந்தும் வேண்டியதில்லை என்றார் மருத்துவர். அன்று இரவு மீன் குழம்பு வைத்தேன். காரணம் சொல்லவில்லை.

வைத்தியம் நீளமானது. அதே மாத்திரைதான். முதல் நாள், நான்காம் நாள், ஏழாம் நாள் என மூன்று. அதன்பின் வாரத்துக்கு ஒன்றாக ஆறு மாதம். எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற வெள்ளிக்கிழமையை வைத்துக்கொண்டேன். கூடவே சர்க்கரைக்கு மெட்ஃபார்மின். வேறென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று இரண்டு தடவை கேட்டார். சில சர்க்கரை மாத்திரைகளோடு இந்தப் பூஞ்சை மாத்திரை சேர்ந்தால் சர்க்கரை மிகவும் இறங்கிவிடுமாம். ஆறு மாதமும் நிம்மதி. பிறகு ஒரு தடவை, பல் பிடுங்கி ஆன்டிபயாடிக் சாப்பிட்ட வாரத்தில் எட்டிப் பார்த்தது. முன்போல் பதறவில்லை.

இப்போது அளவெடுக்கும்போது நானே பேச்சைத் தொடங்கிவிடுகிறேன். எத்தனை பேர் 'சூடு' என்று வெந்தயம் விழுங்கிக்கொண்டிருக்கிறார்கள்! ஒருத்தி பூண்டை அரைத்து வைத்துப் புண்ணாக்கிக்கொண்டாள். என் தங்கை வியாசர்பாடியில் இருக்கிறாள். அவளுக்கு டாபாக்ளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மாத்திரை தொடங்கிய பிறகே அரிப்பு வந்தது. சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுகிற மருந்து அது. அதனால் இப்படி வரலாம் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. நல்லவேளை, தானாக நிறுத்தாமல் மருத்துவரிடம் கேட்டு மாற்றிக்கொண்டாள். எதிர் வீட்டுக் கர்ப்பிணிப் பெண் என் அட்டையைப் பார்த்து அதே மாத்திரையை வாங்கப் போனாள், தடுத்து அனுப்பினேன். கர்ப்பத்தில் அதை விழுங்கக் கூடாது, உள்ளே வைக்கும் மருந்துதான் ஏழு நாள் கொடுப்பார்கள். இன்னொருத்திக்கு அரிப்பே இல்லை. சாம்பல் நிறத்தில் தண்ணீராக, மீன் வாடையோடு பட்டது. அது பூஞ்சையே அல்ல, அதற்கு மருந்து வேறு. எல்லாவற்றையும் 'வெள்ளை' என்று ஒரே சொல்லில் போட்டுக் கட்டினால் கடைக்காரப் பையன்தான் என்ன செய்வான்?

மக்களைத் தேடி மருத்துவம் என்று 2021 முதல் வீடு தேடி வந்து சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்க்கிறார்கள். அப்படி வரும் பெண்கள் கூடுதலாக ஒரு கேள்வி கேட்கலாம்: "அம்மா, இந்த வருடத்தில் அரிப்பு எத்தனை முறை வந்தது?" வாசற்படியில், பெண்ணுக்குப் பெண் கேட்டால் எங்கள் பகுதியில் பதில் சொல்வார்கள்.

தாங்களும் இன்னொரு கட்டுரை வெளியிடுங்கள். அதில் பூஞ்சை என்றே எழுதுங்கள், சர்க்கரைப் பரிசோதனையை முதல் பத்தியில் போடுங்கள், 'அந்தரங்கச் சுத்தம்' என்று வாசனைத் திரவ விளம்பரத்தை அதன் பக்கத்தில் போடாதீர்கள். இந்தக் கடிதத்தை என் பெயரோடே வெளியிடலாம். என் கணவரிடம் கேட்டுவிட்டேன்.

இப்படிக்கு,
ச. கஸ்தூரி,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை.