தேரிக்காடு பயணம்: புதன்கிழமைக்குள் பதில் வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். பாலைவனம் பார்க்க ராஜஸ்தான் வரை போக வேண்டாம். நம் பக்கத்திலேயே, திருச்செந்தூர் அருகே, குதிரைமொழித் தேரி என்ற செம்மணல் மேட்டுக்காடு இருக்கிறது. ஜனவரி 24, சனிக்கிழமை காலை 5.30 மணிக்கு பாளையங்கோட்டை வ.உ.சி. மைதான வாசலில் வேன் கிளம்பும்.

1. முதலில் தேரி. இரும்புச்சத்தால் சிவந்த மணல், காற்றில் மேடுகள் இடம் மாறும். வெயில் ஏறினால் கால் வைக்க முடியாது, அதனால்தான் இவ்வளவு சீக்கிரம். தனியாக உள்ளே போகாதீர்கள், திசை பிடிபடாது.
2. அடுத்து அருஞ்சுனை காத்த அய்யனார் கோவில். அத்தனை மணலுக்கு நடுவே இருக்கும் சுனையைப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் காட்டுங்கள்.
3. மதியம் மணப்பாடு கடற்கரை ஊர்.
4. திரும்பும்போது உடன்குடி கருப்பட்டி. பை கொண்டு வாருங்கள்.
5. தலைக்கு 2 லிட்டர் தண்ணீர், தொப்பி, செருப்பு.

எத்தனை பேர், வயதானவர்கள் உண்டா என்று புதன் இரவுக்குள் குழுவிலேயே போடுங்கள். அப்புறம் சொன்னால் இடம் கிடைப்பது கஷ்டம்.