சாக்ஸபோனுக்கு எதற்கு அவ்வளவு மைக்?

சென்னை சபாக்களின் செயலாளர்களுக்கும், ஒலியமைப்பைக் கவனித்துக்கொள்ளும் நண்பர்களுக்கும்,

வணக்கம். மார்கழிக்கு நிகழ்ச்சி நிரல் போடும் மும்முரத்தில் இருப்பீர்கள். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். அடுத்த சீசனில் சாக்ஸபோன் தனிக் கச்சேரி வைத்தால், தயவுசெய்து ஒலியைக் குறையுங்கள். இப்போது வைப்பதில் பாதி போதும்.

போன சீசனில் ஒரு சபாவின் மதியக் கச்சேரிக்குப் போயிருந்தேன். எந்த சபா என்பது வேண்டாம், பல இடங்களில் இதே கதைதான். வாசித்தவர் நல்ல பாடாந்தரம் (குருவழிப் பாடம்) உள்ளவர். வர்ணம் ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் இரண்டாவது வரிசையில் இருந்த மாமா ஒருவர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். கிண்டலுக்கு இல்லை, நிஜமாகவே தாங்க முடியாமல். அப்புறம் தோடி ராகம். அதன் 'க' ஸ்வரமான காந்தாரத்தை அவர் அசைத்த அசைவு உதட்டிலும் கன்னத்திலும் தெரிந்தது. ஸ்பீக்கர் வழியாக வந்தபோது எக்கோவில் கரைந்து ஒரே நீட்டாகக் கேட்டது. வயலின்காரரின் வில் போய்வருவதைப் பார்க்க முடிந்தது, கேட்கத்தான் முடியவில்லை. தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம் வருவதற்கு முன்பே பாதி நாற்காலி காலி.

கேன்டீனில் ஒருவர் சொன்னார்: "என்ன இருந்தாலும் இது நம்ம சங்கீதத்துக்குச் சரிவராது சார். பேண்டு வாத்தியம்தானே." பக்கத்தில் காபி ஆற்றிக்கொண்டிருந்தவரும் தலையாட்டினார். இதைக் கேட்டதால்தான் இந்த மடல். காது வலித்தது நியாயம். ஆனால் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸரில் நடந்த தப்புக்குத் தண்டனை வாத்தியத்துக்கும் வித்வானுக்கும் போய்ச் சேருகிறது.

சரிவருமா வராதா என்ற வழக்கை சாக்ஸபோன் வித்வான் கத்ரி கோபால்நாத் எப்போதோ முடித்துவைத்துவிட்டார். நாகஸ்வரக்காரரின் பிள்ளை. மைசூர் அரண்மனை பேண்டில் சாக்ஸபோனைக் கேட்டு மயங்கியவர். மங்களூரில் கோபாலகிருஷ்ண ஐயரிடமும், பிறகு சென்னையில் டி.வி.கோபாலகிருஷ்ணனிடமும் பாடம். சாவி வைத்த வாத்தியத்தில் ஸ்வரத்தை அசைத்து வளைக்கும் கமகம் எப்படி வரும் என்று கேட்டவர்களுக்கு உதட்டாலும் மூச்சாலும் பதில் சொன்னார். ஊதும் முனையில் இருக்கும் சீவாளியைக் கடித்தும் தளர்த்தியும் நாகஸ்வரத்தில் செய்கிற அதே வேலைதான். 1980-இல் பம்பாய் ஜாஸ் விழாவில் அவர் வாசித்ததைக் கேட்ட அமெரிக்க சாக்ஸபோன் கலைஞர் ஜான் ஹேண்டி, தானும் சேர்ந்து வாசிக்கலாமா என்று கேட்டு மேடையேறினார். அந்த வாத்தியத்திலேயே ஊறிய ஒருவர் அப்படிக் கேட்டதைவிடப் பெரிய ரசிகக் கடிதம் எது? 1994-இல் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில், பிபிசியின் ப்ராம்ஸ் இசை விழாவிலும் வாசித்தார். அந்த விழாவுக்கு அழைக்கப்பட்ட முதல் கர்நாடக இசைக் கலைஞர் அவர்தான்.

அதே 1994-இல்தான் 'டூயட்' படமும் வந்தது. ரஹ்மான் இசையில் அவர் வாசித்ததைக் கேட்டுத்தான் நம்மில் பாதிப் பேருக்கு சாக்ஸபோன் என்று ஒன்று இருப்பதே தெரியும். இன்றைக்கும் மேடைக்கு அந்தப் பாட்டைக் கேட்டுத் துண்டுச் சீட்டு போகிறது. சிலர் முகம் சுளிக்கிறார்கள். எனக்கு அதில் வருத்தமே இல்லை, அந்தச் சீட்டை எழுதியவர் கடைசிவரை உட்கார்ந்திருக்கிறார்! செயலாளர்களே வரவேற்புரையில் சினிமாவை இழுத்து, அந்தச் சீட்டுக்கு அடி எடுத்துக் கொடுப்பதைத்தான் நிறுத்தலாம்.

சரி, சத்தத்துக்கு வருகிறேன். பெல்ஜியத்துக்காரரான அடால்ஃப் சாக்ஸ் 1846-இல் பாரிஸில் காப்புரிமை வாங்கிய கருவி இது. ராணுவ பேண்டில், திறந்தவெளியில் கேட்க வேண்டும் என்பது அவர் கணக்கில் இருந்தது. அப்படிப்பட்டதைக் கதவு மூடிய ஏ.சி. அரங்கில், கருவியின் விரிந்த வாய்க்கு நேரே மைக்கைச் செருகி, எல்லா ஸ்பீக்கரிலும் விட்டால் மாமா காதைப் பொத்தாமல் என்ன செய்வார்? சிறிய ஹால் என்றால் சாக்ஸபோனுக்கு மைக்கே வேண்டாம்.

மைக்கை வைக்கிற இடமும் தப்பு. பூ மாதிரி விரிந்திருக்கும் அந்த வாயிலிருந்துதான் எல்லா ஒலியும் வருகிறது என்று நினைக்கிறோம். இல்லை. பெரும்பாலான ஸ்வரங்கள் குழலின் உடம்பில் திறந்திருக்கும் துளைகள் வழியாகவே வெளியே வருகின்றன. சாவிகளை ஏறக்குறைய எல்லாம் மூடி வாசிக்கும் கீழ்க்கோடி ஸ்வரங்கள்தான் வாய் வழியாக முழுசாக வரும். அதனால் வாய்க்குள் மைக் இருந்தால் கீழே இறங்கும்போது திடீரென்று முழங்கும், மேலே போனால் மெலிந்து கீச்சிடும். வித்வான் சமமாகத்தான் ஊதுகிறார், கேட்கிறவருக்கு ஏற்ற இறக்கம் தெரியாமல் வாசிக்கிறார் என்று தோன்றும். மைக்கை ஒன்றிரண்டு அடி தள்ளி, குழலின் நடுப்பகுதியைப் பார்த்து வையுங்கள். எக்கோவை அறவே எடுத்துவிடுங்கள். கதனகுதூகலம் போலத் தாவித் தாவிப் போகும் ராகம் எக்கோவிலும் எப்படியோ பிழைத்துக்கொள்ளும், கைதட்டலும் வாங்கும். தோடியும் பைரவியும் அதில் செத்தே போகும்.

கத்ரியாரின் பழைய ஒலிப்பதிவு ஏதாவது கிடைத்தால் கேளுங்கள், ஏ.கன்யாகுமரி வயலின் வாசித்ததாக இருந்தால் விசேஷம். இவர் ஒரு சங்கதி போட, அவர் அதை வாங்கி இன்னும் கொஞ்சம் வளைத்துத் திருப்பிக் கொடுக்க, இரண்டும் தனித்தனியாகக் காதில் விழும். (கன்யாகுமரிக்கு 2016-இல் மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது கிடைத்தது. 2019-இல் மறையும்வரை கத்ரியாருக்கு அது கிடைக்கவே இல்லை. அந்த ஆதங்கத்தை எழுத ஆரம்பித்தால் இந்த மடல் முடியாது.)

"கலைஞர்களே ஏத்து ஏத்து என்கிறார்களே" என்பீர்கள். உண்மைதான். மேடையில் தன் வாசிப்பு தனக்குக் கேட்கவில்லை என்றுதான் பெரும்பாலும் கையைத் தூக்கிக் காட்டுகிறார்கள். அதற்கு மேடை மானிட்டரை, அதாவது கலைஞர்களைப் பார்த்து வைத்திருக்கும் ஸ்பீக்கரை, ஏற்றிக் கொடுத்தால் போதும், ஹால் ஸ்பீக்கரைத் தொட வேண்டியதில்லை. கமிட்டி உறுப்பினர் ஒருவர் முதல் உருப்படி முடியும்வரை ஐந்தாவது வரிசையில் உட்கார்ந்து கேட்டுவிட்டு ஒலியமைப்பாளரிடம் சொல்லட்டும். வயலின் கேட்கவில்லை என்றால் வயலினை ஏற்றாதீர்கள், சாக்ஸபோனை இறக்குங்கள்.

வரும் சீசனில் ஒரே ஒரு கச்சேரியில் இப்படிச் செய்து பாருங்கள். ரசிகர்களிடம் எதுவும் அறிவிக்க வேண்டாம். தனி ஆவர்த்தனத்துக்கு எழுந்து போகிறவர்கள் யார் வாசித்தாலும் போவார்கள், அவர்களை விட்டுவிடுங்கள். அதற்கு முன்னால் எத்தனை பேர் எழுந்தார்கள் என்பதை மட்டும் வாசலில் நிற்கிறவரைக் கணக்கெடுக்கச் சொல்லுங்கள்.

அன்புடன்,
மதியக் கச்சேரிகளுக்கும் தவறாமல் வரும் ஒரு ரசிகன்